இடித்துக் கட்டலாமா? அசோக் நகரிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். அசோக் நகரில் 30 அடித் தெரு. இரண்டு கிரவுண்டு மனையில் 1989இல் கட்டிய எட்டு ஃபிளாட். இப்போது ஒரு பில்டர் வந்து, இடித்துவிட்டு ஸ்டில்ட்டும் (தூண் மட்டும் நிற்கும், கார் நிறுத்துகிற கீழ்த்தளம்) ஐந்து மாடியும் கட்டித் தருகிறேன் என்கிறார். ஆறு வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். கேட்டவரின் அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்: "எட்டு வீட்டுக்கே தண்ணீர் லாரி வருது, தெருவுல கார் நிறுத்த இடமில்ல, இன்னும் மாடி கட்டி என்ன பண்ணப் போறீங்க?" சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி நேர்மாறு: "ஊர் மேலே வளரணும், இல்லேன்னா செங்கல்பட்டு வரைக்கும் படுத்துக்கிட்டே போகும்." இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

கட்டட பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் தொழிலில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்த அப்பாவையும் தம்பியையும் நூறு வீட்டில் பார்த்தாயிற்று. நகரத் திட்டமிடலில் இன்று உலகம் முழுக்க நடக்கிற சண்டையும் இதேதான். ஊரை நெருக்கமாகக் கட்டுவதா, பரப்பிக் கட்டுவதா? நெருக்கினால் லாபம் யாருக்கு, சுமை யாருக்கு? பெரிய பெரிய பெயர் வைத்து மாநாடு போட்டுப் பேசுவதை உங்கள் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. எட்டில் மூன்றில் இரண்டு என்றால் ஐந்தே கால் சொச்சம், அதாவது ஆறு. அப்பா மறுத்துக்கொண்டே இருந்தால் வேலை தள்ளிப்போகலாம், நிற்காது. ஆகவே கட்டலாமா என்பதை விட எப்படிக் கட்டலாம் என்பதில் அவர் கவனத்தைத் திருப்புவது நல்லது. அவருடைய பயங்கள் பெரும்பாலும் நியாயமானவை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து, பில்டர் ஏன் இப்போது வந்தார்? 1989இல் உங்கள் மனையில் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 1.5. மனை 4,800 சதுர அடி, அதைப் போல ஒன்றரை மடங்கு, 7,200 சதுர அடி கட்டலாம். எட்டால் வகுத்தால் வீட்டுக்கு 900. அநேகமாக உங்கள் வீடும் அந்த அளவில்தான் இருக்கும். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. எஃப்எஸ்ஐ 2 ஆனது. உயரம் 18.30 மீட்டர் வரை இருந்தால் அது உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கில் வராது. ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் அதற்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று ஒன்று உண்டு. சாலை அகலம் 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் இருந்தால், பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் வாங்கலாம். உங்கள் 30 அடித் தெரு 9.14 மீட்டர். அந்த 14 சென்டிமீட்டரில்தான் உங்கள் பில்டரின் லாபம் உட்கார்ந்திருக்கிறது! ஆவணத்தில் 30 அடி என்று இருந்தும் நேரில் டேப் வைத்தால் 28 அடியாக இருக்கிற தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டை ஒரு அடி முன்னால் தள்ளியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4,800ஐ இரண்டால் பெருக்கினால் 9,600. அதில் 30 சதவீதம் சேர்த்தால் 12,480. உங்கள் எட்டுப் பேருக்கும் பழைய 7,200ஐக் கொடுத்த பிறகும் 5,280 சதுர அடி மிச்சம். அதை விற்றுத்தான் எல்லாச் செலவும் ஈடாகி, பில்டர் கையிலும் ஏதோ நிற்கும். இது காகிதக் கணக்கு. முன்னால், பின்னால், பக்கவாட்டில் செட்பேக், அதாவது கட்டாமல் விட வேண்டிய காலி இடம், விட்டால் ஐந்து மாடியில் இந்த முழு அளவும் உட்காராமல் போகலாம். மனையின் வடிவத்தைப் பொறுத்தது. இன்னொரு விஷயமும் உண்டு. எண்பதுகளில் கட்டிய பல கட்டடங்கள் பிளானுக்கு மேல் கொஞ்சம் நீட்டிக் கட்டியவை. உங்களுடையதும் அப்படி 8,000 சதுர அடி இருந்தால், பில்டருக்கு மிஞ்சுவது குறையும், அவர் பேரம் மாறும். பேச்சுவார்த்தைக்குப் போவதற்கு முன் பழைய அனுமதி பிளானைத் தேடி எடுத்து வையுங்கள்.

இப்போது தம்பியின் கட்சி. அவர் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. எஃப்எஸ்ஐயைக் குறைத்து வைத்தால் ஜனம் வராமல் நின்றுவிடாது, தள்ளிப்போய் இருக்கும். மும்பை இதற்குப் பழைய உதாரணம். 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு 1.33, புறநகருக்கு 1 என்று வைத்தார்கள். கூட்டம் குறைந்ததா? வாடகை ஏறியது, சேரிகள் நெருங்கின, வேலைக்காரர்கள் விரார் வரைக்கும் போய்த் தங்கினார்கள். சென்னையில் அதே கதை கூடுவாஞ்சேரியில் நடந்தது. அசோக் நகரில் வீடு வாங்க முடியாதவர் அங்கே வாங்கி, காலை ஏழு மணிக்கு ரயில் பெட்டியில் தொங்கிக்கொண்டு வருகிறார். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிப்பதற்கு 2022இல் அரசாணை வந்தது. ஊர் எவ்வளவு படுத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து அசோக் நகர் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகலாம். 2015 ஜூனில் ரயில் ஓட ஆரம்பித்தபோதே திறந்த நிலையம் அது. இப்படிப்பட்ட இடத்தில் வீடு கூடாது என்றால் வேறு எங்கே கட்டுவது? நிலையத்தைச் சுற்றி நெருக்கமாகக் கட்டு என்று 2017இல் மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கையே போட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோ கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், செலவு 63,000 கோடிக்கு மேல். அவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு, நிலையத்தைச் சுற்றி மூன்று மாடியோடு நிறுத்து என்றால் ரயில் காலியாகத்தான் ஓடும்.

காலியாக ஓடியது, பார்த்தோம். கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை வந்தது. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டார்கள். நிலம் எடுக்கும் தொல்லை இல்லையே! கால்வாய் குறுகியதுதான் மிச்சம். நிலையங்கள் கல்யாண மண்டபம் மாதிரி பெரிதாக எழும்பி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெண்கள் தனியாகப் போகத் தயங்கும் இருட்டுக் கூடங்களாக நின்றன. சுற்றியிருக்கிற தெருக்களோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் இருந்த 5 கிலோமீட்டரை 2008இல் தொடங்கினார்கள். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலச் சிக்கலில் பல வருடம் அது அந்தரத்தில் நின்றது. ஆக ரயிலும் வீடும் சேர்ந்து வர வேண்டும் என்பதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை சிங்கப்பூரில்தான். அங்கே நெருக்கம் எப்படி வந்தது என்பதை அவர் பாதிதான் சொல்கிறார். 1966இல் நிலம் எடுப்புச் சட்டம் போட்டு நிலத்தின் பெரும்பகுதியை அரசே கையில் வைத்துக்கொண்டது. ஜனத்தொகையில் முக்கால் பங்குக்கு மேல் அரசு வீட்டுவசதிக் கழகம் கட்டிய ஃபிளாட்டில் இருக்கிறார்கள். கார் வாங்க வேண்டும் என்றால் முதலில் ஏலத்தில் உரிமச் சான்றிதழ் எடுக்க வேண்டும், 1990லிருந்து அப்படி. தம்பியிடம் அங்கே கார் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே மாடி மட்டும் வருகிறது, கூடவே காரும் வருகிறது.

இதுதான் நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம். கட்டடம் நெருங்குவது வேறு, ஜனம் நெருங்குவது வேறு. நம் ஊரில் எஃப்எஸ்ஐ ஏறும்போது பெரும்பாலும் சதுர அடிதான் ஏறுகிறது. எட்டு வீடு இருந்த இடத்தில் பில்டர் பன்னிரண்டு கட்டுவார், சில இடங்களில் பத்தோடு நிறுத்திவிடுவார். எல்லாம் மூன்று படுக்கையறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு குளியலறை, வீட்டுக்கு இரண்டு கார். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் போடுங்கள் என்று நான் சொன்னால் பில்டர்கள் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். விற்கிற விலையில் அதை வாங்குகிறவர் அசோக் நகருக்கு வரமாட்டார், வருகிறவருக்கு அது வேண்டாம். அப்படியானால் மெட்ரோவில் ஏறப் போவது யார்? இரண்டு கார் வைத்திருப்பவர் தினமும் ரயிலில் போவார் என்று நம்பி நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் எஃப்எஸ்ஐ கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுப்பதென்றால் சின்ன வீட்டுக்குக் கொடுங்கள், கார் நிறுத்தும் இடத்தைக் குறைக்கிறவருக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.

பேருந்தையும் ரயிலையுமே நம்பியிருக்கிறவர்களை நாம் எங்கே அனுப்பினோம்? 2000த்திலிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை, வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போய்க்கொண்டிருந்தவர்களை, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் ஏற்றினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000 வீடுகளுக்கு மேல். குடிசை மாற்று வாரியம் என்ற பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்; பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. மாடி, லிஃப்ட், நெருக்கம் எல்லாம் அங்கேயும் உண்டு. வேலை பக்கத்தில் இல்லை. நெருக்கம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்பதற்கு அசோக் நகரையும் பெரும்பாக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

சரி, அப்பாவிடம் வருவோம். தண்ணீர், சாக்கடை, கார். மூன்றும் சரி. உங்கள் தெருவுக்குக் குழாய் போட்டபோது தனி வீடுகளைக் கணக்கில் வைத்துப் போட்டிருப்பார்கள். பிறகு ஃபிளாட் வந்தது, இப்போது அதற்கு மேல் ஃபிளாட். பிளான் அனுமதி ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு தெருவில் இருபது மனையும் இப்படி மாறினால் சாக்கடைக் குழாய் தாங்குமா என்பதை அந்த ஒரு ஃபைல் கேட்பதில்லை. நான் போட்ட எத்தனையோ பிளானில் யாரும் என்னிடம் தெருக் குழாயின் விட்டத்தைக் கேட்டதில்லை. செட்பேக்கில் மூன்று அங்குலம் குறைந்தால் கேட்பார்கள்.

பிரீமியம் எஃப்எஸ்ஐக்குக் கட்டுகிற பணத்தில் இதைச் சரிசெய்யலாமே என்று தோன்றும். அந்தப் பணம் கட்டுகிற தெருவுக்கே திரும்பி வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டின் அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் உண்டு. உங்கள் தெரு 2.6 (இரண்டும் அதன் 30 சதவீதமும்) தாங்கும் என்றால் 2 என்று ஏன் வரம்பு? தாங்காது என்றால் பணம் வாங்கிக்கொண்டு எப்படி விடுகிறார்கள்? வரம்பைக் குறைவாக வைத்துவிட்டு விலக்கை விற்பது மும்பை கற்றுக்கொடுத்த வித்தை. அரசுக்கு வருமானம் வருகிறது என்பதால் எந்தக் கட்சி வந்தாலும் இதை விடமாட்டார்கள்.

இந்த வித்தைக்கு இன்னொரு பழைய முகம் உண்டு, வரைமுறைப்படுத்தல். விதியை மீறிக் கட்டுகிறவர் கட்டிவிடுவார், பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்யத் திட்டம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்று வந்தது, ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அப்புறம் 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கென்று இன்னொரு பிரிவே சட்டத்தில் சேர்ந்தது. விதிப்படி கட்டியவன் முட்டாள் என்று ஊர் நினைக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அப்பா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். மழை. உங்கள் தரைத்தள வீட்டுக்காரர்கள் இருவரும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சரியா? சென்னையில் இடித்துக் கட்டும் ஆசையைக் கிளப்பியதில் பாதி எஃப்எஸ்ஐ என்றால் பாதி 2015 டிசம்பர். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு முன்பே தெருக்கள் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். நான் அளந்த ஒரு மேற்கு மாம்பலம் வீட்டில், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வாசலுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி வாசலில் மூன்று செங்கல் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டி, அதன் மேலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டடம் வரும்போது என்ன நடக்கிறது? பழைய கட்டடத்தின் இடிபாட்டையே உள்ளே கொட்டி, மனையை மூன்று நான்கு அடி உயர்த்துகிறார்கள். வாசலிலிருந்து நடைபாதையில் சரிவு இறங்குகிறது. மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம். ஆனால் செட்பேக் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டால் கிணற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது, அங்கிருந்து பக்கத்துப் பழைய வீட்டுக்கு. உயர்த்தாமல் விட்ட கடைசி வீடு அந்தத் தெருவின் குளம். பிறகு அவர்களும் இடிக்க ஒப்புக்கொள்வார்கள். பில்டருக்கு மழையை விட நல்ல ஏஜென்ட் கிடையாது.

ஊர் அளவில் இதையேதான் பள்ளிக்கரணையில் செய்தோம். தென்சென்னையின் தண்ணீரெல்லாம் போய் நிற்க வேண்டிய சதுப்பு நிலம். குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலகங்கள் என்று உள்ளே போகப் போகச் சுருங்கி, மிஞ்சியதில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், அறிவியல் ஆய்வு முடியும் வரை புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஏற்கெனவே அங்கே ஃபிளாட் வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தவிக்கிறார்கள். அவர்கள் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. அனுமதி கொடுத்த பிறகு எல்லையைத் தேடுகிற ஊரில் வாங்கினவர்தான் மாட்டிக்கொள்கிறார். இருந்தாலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் கட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அசோக் நகரில் இரண்டு மாடி கூடுதலாகக் கட்டுவதற்கு இருக்கிற ஆகச் சிறந்த நியாயமும் அதுதான்: இங்கே ஏறுகிற ஒவ்வொரு மாடியும், உண்மையிலேயே கூடுதல் குடும்பத்துக்குப் போனால், அங்கே ஒரு துண்டுச் சதுப்பை மிச்சப்படுத்தலாம். பத்து வீட்டுக்கு இருபது கார் என்று கட்டினால் எதுவும் மிஞ்சாது.

சென்னை எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது, 2026 வரைக்கும் அதன் ஆயுள். மூன்றாவது 2027லிருந்து 2046 வரைக்கும். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கும்போது அப்பா மாதிரி ஆட்கள் போய் உட்கார வேண்டும். எஃப்எஸ்ஐ எவ்வளவு என்று கேட்கப் பத்துப் பேர் வருவார்கள். எங்கள் வார்டில் பிரீமியமாக வசூலானது எவ்வளவு, அதில் குழாய்க்குப் போனது எவ்வளவு என்று கேட்க ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: கட்டுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் சிலதை எழுதி வாங்குங்கள். புதிய வீடுகளில் குறைந்தது இரண்டு வீடாவது சின்னதாக இருக்கட்டும். பில்டர் முனகுவார், வாடகைக்கு வருகிறவர்கள் கைக்கு எட்டும். செட்பேக்கில் டைல்ஸ் வேண்டாம், மண்ணோ ஜல்லியோ போதும். சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) கொள்ளளவையும், மழைக்கிணறு எங்கே வருகிறது என்பதையும் பிளானிலேயே காட்டச் சொல்லுங்கள். பழைய வீட்டின் யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, புதிய வீட்டுக்கு எவ்வளவு என்பது ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக இருக்க வேண்டும். சதுர அடி கூடுகிறது என்ற சந்தோஷத்தில் நிலத்தின் பங்கு குறைவதைப் பலர் கவனிப்பதில்லை. வேலை நடக்கும் இரண்டு வருடத்துக்கு வாடகை யார் கட்டுவது, தள்ளிப்போனால் யார் கட்டுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், பில்டரோடு உட்காருவதற்கு முன்னால் ஒரு காலையில் அப்பா கையில் டேப்பைக் கொடுத்துத் தெருவை அளக்கச் சொல்லுங்கள். ஒரு காம்பவுண்டிலிருந்து எதிர் காம்பவுண்டு வரை, குறைந்தது மூன்று இடத்தில். கூடவே சாலை மட்டத்துக்கும் பக்கத்து மனையின் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மனை எவ்வளவு உயரலாம் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் நான் பேசுவேன். பக்கத்து வீட்டுக்காரரும் அப்போது கூட நின்றால் நல்லது.